வில்லை

கவுன்சில் கட்டிடத்தின் பின்பக்கம்
துடைப்பம் வைத்திருந்த அறை, இப்போது என்னுடையது.
ஜன்னல் கிடையாது.
இந்த வேலைக்கு எதற்கு ஜன்னல் என்று
யாரோ நினைத்திருக்கலாம்.
பிரெயில் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கினால்
தகரத்தில் ஆலங்கட்டி.
பக்கத்து அறையில் வாகன அபராதம் எண்ணுகிறவர்கள்
சுவரைத் தட்டுவார்கள்.

வடக்கு வேல்ஸின் இந்த மூலையில்
விரலால் படிக்கும் பிள்ளைகள் நால்வர்.
மூவர் எண்ணும் எழுத்தும்.
நான்காமவள் ஹெலெத்,
பிளைனை ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு.
அவள் பெயரின் கடைசி ஒலிக்கு
அச்சில் இரண்டு எழுத்து வேண்டும்,
எங்கள் பிரெயிலில் ஒரே கட்டம்.
"புள்ளியில் நான் சிக்கனமானவள்" என்று
முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள்.
நாங்கள் சந்தித்ததில்லை.
வெண்கோல் பழக்கும் இட்வால்
செவ்வாய்தோறும் பொதிகளை ஏற்றிக்கொண்டு
மழையில் கணவாய் தாண்டிப் போவார்.

அக்டோபரில் வந்தது உயிரியல் தாள்.
நான்காம் கேள்வி:
படத்திலுள்ள கண்ணின் ஏழு பாகங்களைக் குறிக்கவும்.

கண்.

படிவத்தில் ஒரு சிறு பெட்டி உண்டு:
'இக்கேள்வியை மாணவருக்கு நீக்கலாம்.'
டிக் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன்.
கடைசியில் பள்ளிக்குத் தொலைபேசி செய்து
அவளையே கூப்பிடச் சொன்னேன்.
"வகுப்பில் ஒருவரும் கல்லீரலைப் பார்த்ததில்லை,
அந்தப் படத்தை நீக்கினீர்களா?" என்றாள்.
மணி அடித்தது. போய்விட்டாள்.

வீங்கும் தாளில் கறுப்பாய் வரைந்து
சூட்டில் ஓட்டினால் கோடு மட்டும் எழும்பும்,
தீய்ந்த பால் வாசனையோடு.
விரலுக்கு எதுவும் மொத்தமாய் வந்து சேராது;
ஓரத்தில் தொடங்கி நடந்துபோக வேண்டும்.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு விரல்நுனி வழுக்க இடம் வேண்டும்.
விழித்திரையைப் புள்ளிகளாக்கினேன்.
பார்வை நரம்பைத் தடித்த கயிறாக.
கண்மணிக்கு ஒன்றும் வரையவில்லை;
கண்மணி என்பது ஓட்டைதானே.
கண்ணை மூடித் தடவிச் சரிபார்த்தேன்.
அது ஏமாற்று:
எது எங்கே என்று எனக்கு முன்பே தெரியும்.

அந்த வாரம்தான் பட்ஜெட் கூட்டம்.
பக்கம் பதினொன்றில் நான் இருந்தேன்,
பெயராக இல்லை, பூஜ்யம் புள்ளி ஆறாக.
அதை ஐந்தாக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார்.
பார்க்கலாம் என்றார் இன்னொருவர்.

ஏழுக்கு ஆறு வாங்கியிருந்தாள்.
தவறிய இடத்தில், வில்லை என்று வரவேண்டிய இடத்தில்,
அவள் விடை: "தாளில் மடிப்பு."

நான்தான் அதை மெலிதாய் வரைந்திருந்தேன்.
இட்வால் பொதியை அமுக்கிவிட்டார் என்று
அவளும் நினைத்திருக்கிறாள்.

ஆசிரியை பரிக்கு எழுதினேன்:
பிழை என்னுடையது, மதிப்பெண் அவளுடையது.
தருகிறேன் என்று பதில் வந்தது.
ஹெலெத்திடமிருந்தும் வந்தது, அழுத்தி அடித்த புள்ளிகளில்:
"வேண்டாம்.
பக்கத்து மேசை அனெய்ரினுக்குப் படம் பளிச்சென்றுதான் இருந்தது,
நாலுதான் வாங்கினான்.
தப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கியது
எனக்கு இதுவே முதல் தடவை. அதை வைத்துக்கொள்கிறேன்.
வில்லையை மட்டும் ஒழுங்காகச் செய்து அனுப்புங்கள்."

மறுபடி வரைந்தேன். பிடிக்கவில்லை.
துணி ஒட்டிப் பார்த்தேன், பொத்தான் வைத்துப் பார்த்தேன்.
மேசை இழுப்பறையில் இருமல் வில்லை ஒன்று கிடந்தது:
நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து,
இரு பக்கமும் வளைந்து,
பாடப்புத்தகம் சொல்வதுபோல அப்படியே.
பசை எடுக்கப் போன கை ஏனோ நின்றது.
சர்க்கரைத் தண்ணீர் தொட்டு ஒட்டினேன்.

செவ்வாய் போனது.
அடுத்த செவ்வாய் இட்வால் அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார்.
கண்ணின் நடுவே
பிசுபிசுப்பாய் ஒரு வட்டம் மட்டும்.
அதன் கீழே ஏழு பெயர்களும் சரியாக,
எட்டாவதாக ஒரு சொல்:

புதினா.